கொச்சிக்கு வெள்ளிக்கிழமை வேண்டாம்

கேள்வி: அம்மா, வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் மூன்று நாள் கொச்சி போகலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், பத்தாவது படிக்கும் பையன், ஏழு வயதுப் பெண், மாமியார். மாமியாருக்கு 74 வயது, முழங்கால் வலி. வெள்ளிக்கிழமை காலை போய் இறங்கி ஞாயிறு இரவு கிளம்புவதாக உத்தேசம். முதல் நாள் கொச்சி, இரண்டாம் நாள் மூணாறு, மூன்றாம் நாள் ஆலப்புழை படகு வீடு, வழியில் குருவாயூர். முடியுமா? எங்கே தங்குவது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியும். வேனுக்குள்ளேயே குடித்தனம் நடத்தச் சம்மதம் என்றால் தாராளமாக முடியும்.

மூணாறு கொச்சியிலிருந்து கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர், பாதிக்கு மேல் மலைப்பாதை. போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். ஆலப்புழை தெற்கே 55 கிலோமீட்டர். குருவாயூர் வடக்கே, 90 கிலோமீட்டருக்குப் பக்கம். "வழியில் குருவாயூர்" என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த வழியில்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். ரயில்வே முன்பதிவு கவுண்டரில் 31 வருடம் உட்கார்ந்திருந்தேன், அதில் ஆறு வருடம் எர்ணாகுளத்தில். கையில் மடித்த பேப்பரோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இதே திட்டத்தைத்தான் வைத்திருப்பார்கள். திரும்பிப் போகும்போது அவர்கள் முகத்தையும் பார்த்திருக்கிறேன். மூணாறு, ஆலப்புழை, குருவாயூர் மூன்றையும் அடித்துவிடுங்கள். மூன்று நாளும் கொச்சிக்கே இருக்கட்டும். பாட்டிக்கு ஒரு கோயில் வேண்டும் என்பது புரிகிறது, அதற்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அடுத்தது கிழமை. வெள்ளி, சனி, ஞாயிறு என்பது நமக்கு வசதியான கணக்கு. கொச்சி வேறு கணக்கு வைத்திருக்கிறது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் யூதர் கோயில் சனிக்கிழமை முழுக்க மூடியிருக்கும், அது அவர்களுடைய ஓய்வு நாள். வெள்ளிக்கிழமையும் அதை நம்பிப் போகக் கூடாது. திருப்பூணித்துறையில் கொச்சி ராஜாக்களின் அரண்மனையான ஹில் பேலஸுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாமல் நானே மாட்டியிருக்கிறேன். எர்ணாகுளத்துக்கு மாற்றலாகிப் போன முதல் வருடம், தங்கை குடும்பத்தோடு வந்தாள். ஊர்க்காரி மாதிரி பெருமையாக மட்டாஞ்சேரிக்கு அழைத்துப் போனேன். வெள்ளிக்கிழமை. அரண்மனைக் கதவு பூட்டு. சரி, யூதர் கோயிலைப் பார்க்கலாம் என்று வெயிலில் நடந்தோம். அங்கேயும் பூட்டு. "அக்கா, கடைத்தெருவாவது திறந்திருக்குமா?" என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டது இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. நான் எதற்காவது திட்டம் போட்டால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்.

அதனால் சனிக்கிழமை இரவு தஞ்சாவூரில் ஏறுங்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாள். செவ்வாய் இரவு திரும்ப ரயில். பள்ளி விடுமுறைதானே, உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு நாள் லீவு, அவ்வளவுதான். ஒன்று மட்டும், டிசம்பர் 31 அந்த மூன்று நாளுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிரவு ஃபோர்ட் கொச்சியில் 'பாப்பாஞ்ஞி' என்கிற பெரிய கிழவர் பொம்மையை எரிப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும்தான், ஆனால் ஊரே அந்தச் சின்னத் தெருக்களுக்குள் வந்து நிற்கும். ஏழு வயதுக் குழந்தையையும் முழங்கால் வலிக்காரரையும் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டாம்.

உங்கள் ஊருக்கு டீ கார்டன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. காரைக்காலிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு, கோவை வழியாக இரவெல்லாம் ஓடி, காலையில் எர்ணாகுளம் ஜங்ஷனில் விடும். டிக்கெட் விஷயத்தில் என் பழைய வேலைப் புத்தி சும்மா இருக்காது, கேளுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து மாற்றிவிட்டார்கள். அப்புறம், ஐந்து பேருக்கும் ஒரே டிக்கெட் போடாதீர்கள். மாமியாருக்குத் தனியாகப் போடுங்கள். கீழ்ப் படுக்கைக்கென்று ஒரு கோட்டா இருக்கிறது, 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும். ஆனால் ஒரு டிக்கெட்டில் அப்படிப்பட்டவர்கள் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அந்தக் கோட்டாவில் கிடைக்கும். குடும்பத்தோடு சேர்த்துப் போட்டால் பாட்டிக்கு மேல் படுக்கை விழலாம், பிறகு வண்டிக்குள் ஒவ்வொருவரிடமும் கெஞ்ச வேண்டும். தனியாகப் போடும்போது வேறு பெட்டி விழலாம். விழுந்தால் பையனை அங்கே துணைக்கு உட்கார வைத்துவிட்டு, பெட்டிக்காரர்களிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். கீழ்ப் படுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவருக்கு எப்போதும் மரியாதை உண்டு. மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு போனது போனதுதான், அதை எதிர்பார்க்காதீர்கள். ஏழு வயதுக் குழந்தைக்குப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். உங்களோடு ஒண்டிப் படுத்துக்கொள்வாள் என்றால் பாதி.

இறங்கும் ஸ்டேஷனையும் டிக்கெட்டில் கவனியுங்கள். எர்ணாகுளத்தில் இரண்டு உண்டு. ஜங்ஷனை ஊர்க்காரர்கள் சவுத் என்பார்கள், டவுனை நார்த் என்பார்கள். சில வண்டிகள் ஒன்றில் நிற்கும், சில மற்றதில். உங்கள் வண்டி சவுத். சென்னையிலிருந்து வரும் திருவனந்தபுரம் மெயில் நார்த். கூப்பிட வருகிறவர் ஒன்றிலும் வந்தவர் மற்றொன்றிலும் நிற்பது அங்கே தினசரி நடக்கும் கூத்து.

தங்குவது எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபோர்ட் கொச்சியில். எர்ணாகுளத்தில் லாட்ஜ்கள் அதிகம், நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும், எல்லாம் சரி. ஆனால் காலையில் ஜன்னலைத் திறந்தால் போக்குவரத்துச் சத்தம்தான். ஃபோர்ட் கொச்சியில் வீட்டின் ஒரு பகுதியை விடுகிற ஹோம்ஸ்டேக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. போன் செய்யும்போது விலை கேட்பதற்கு முன்னால் "கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா?" என்று கேளுங்கள். பழைய வீடுகளில் மாடிப்படி மரத்தில் செங்குத்தாக இருக்கும். பாட்டி ஒருமுறை ஏறினால் மறுநாள் எழுந்திருக்க மாட்டார். வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கொசுவத்தி உங்கள் பையிலேயே இருக்கட்டும். கொச்சிக் கொசுவைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம், எழுத மாட்டேன்.

இப்போது நாள் கணக்கு. ஞாயிறு காலை சவுத்தில் இறங்கியதும் ஆட்டோவில் படகுத் துறைக்குப் போங்கள். அரசுப் படகில் ஃபோர்ட் கொச்சிக்கு ஒரு டீ விலை கூட ஆகாது, இருபது நிமிடம் போல. ஏறி இறங்கப் பாட்டிக்குக் கை கொடுக்க வேண்டியிருக்கும். முழங்கால் ரொம்ப மோசம் என்றால் உயர் நீதிமன்றம் பக்கமிருந்து போகும் வாட்டர் மெட்ரோவைப் பிடியுங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய சேவை, ஃபோர்ட் கொச்சிக்கு 2024-இல் வந்தது. அப்போது டிக்கெட் 40 ரூபாய். அதன் சிறப்பு ஏசி இல்லை. படகு வந்து ஒட்டும் மேடையே தண்ணீரில் மிதக்கிறது. கடல் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகும் ஒரே மட்டத்தில் நிற்கும், படி கிடையாது. வீட்டில் வாசற்படி தாண்டுவதை விட சுலபம்.

எந்தப் படகானாலும் பையனை முன்னால் நிற்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வெல்லிங்டன் தீவு. அது இயற்கையாக வந்த தீவு அல்ல, துறைமுகத்துக்காகக் கடலடி மண்ணை வாரிக் கொட்டி உண்டாக்கியது. 1920-இல் இங்கே வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்கிற பொறியாளர் அதற்காக இருபது வருடம் மல்லாடினார். இன்னொரு பக்கம் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தின் ராட்சசக் கிரேன்கள். 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டியதும் இந்த ஊர்தான். பத்தாவது படிக்கிற பையன் போனிலிருந்து தலையைத் தூக்கினால் இதற்குத்தான் தூக்குவான்.

ஞாயிறு வேறெதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்கி, மூன்று மணிக்கு மேல் செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம். காலையில் அங்கே வழிபாடு நடக்கும், நாம் போய் வேடிக்கை பார்க்கக் கூடாது. வாஸ்கோ ட காமா 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொச்சியில்தான் செத்தார், இந்தக் கோயிலில்தான் புதைத்தார்கள். சில வருடம் கழித்து எலும்புகளை போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல் மட்டும் இருக்கிறது. எனக்கு அந்தக் கல்லை விட மேலே தொங்கும் துணி விசிறிகள் பிடிக்கும். வெளியே ஒரு ஆள் உட்கார்ந்து கயிற்றை இழுக்க, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வரும். இழுத்தவனுக்கு யார் விசிறினார்கள் என்று உங்கள் பெண் கேட்பாள் பாருங்கள். "கோட்டை எங்கே?" என்றும் கேட்பாள். கோட்டை இல்லை. போர்ச்சுகீசியர் கட்டியதை டச்சுக்காரர் பிடித்தார்கள், டச்சுக்காரரிடமிருந்து பிடித்த வெள்ளைக்காரர் 1806-இல் இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அன்று மாலை கதகளி பார்க்கலாம். ஆட்டம் ஆறு மணி வாக்கில் என்றால் ஐந்துக்கே போய்விடுங்கள். ஆட்டத்தை விட, நடிகர் தரையில் மல்லாந்து படுத்திருக்க அவர் தாடையில் ஒருவர் சுட்டி என்கிற வெள்ளை விளிம்பை ஒட்டி வைப்பதுதான் குழந்தைகளைக் கட்டிப்போடும்.

திங்கட்கிழமை விடியற்காலை எல்லாரையும் எழுப்பிச் சீனவலைக்கு நடத்திப் போங்கள். இதை மாலையில் பார்க்கிறவர்கள்தான் அதிகம், மாலையில் மனிதத் தலைகள்தான் தெரியும். காலையில் வலை வேலை செய்யும். நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, கயிற்றில் கட்டிய பாறாங்கற்கள் ஒவ்வொன்றாக இறங்க, மறுமுனையில் அந்தப் பிரம்மாண்டமான வலை தண்ணீரிலிருந்து மேலே வரும். உள்ளே பெரும்பாலும் ஒரு பிடி மீன்தான் இருக்கும். "வாங்க, நீங்களும் இழுங்க" என்று கூப்பிடுவார்கள். இழுத்துப் பாருங்கள், பிறகு ஏதாவது கேட்பார்கள், மனதார ஐம்பதோ நூறோ கொடுங்கள். அது அவர்கள் நாளின் நல்ல மீனாக இருக்கலாம்.

பத்து மணிக்கு ஆட்டோவில் மட்டாஞ்சேரி. ஆட்டோக்காரர் "போகிற வழியில் ஒரே ஒரு கடை, சும்மா பார்த்தால் போதும்" என்பார். அந்தக் கடை வாசலில் உங்களை இறக்கிவிட்டாலே அவருக்குக் கமிஷன். கோபப்பட வேண்டாம், "கடை வேண்டாம் சேட்டா" என்று ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அரண்மனையை டச்சு அரண்மனை என்று சொல்வார்கள், கட்டியது போர்ச்சுகீசியர், 1555 வாக்கில், கொச்சி ராஜாவுக்குக் காணிக்கையாக. டச்சுக்காரர்கள் ரிப்பேர் செய்தார்கள், பெயரை வாங்கிக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பழைய ரிஜிஸ்தர் ஆபீஸ் மாதிரிதான் இருக்கும். உள்ளே போனதும் பாட்டியை ஓர் இடத்தில் நிறுத்தி சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ராமாயணம் முழுக்கச் சுவரில் ஓடுகிறது. காவியும் பச்சையும் மஞ்சளும், ஒரு விரல் இடம் விடாமல். எந்த வழிகாட்டியும் வேண்டாம், பாட்டியே கதை சொல்வார். என் மாமியார் அங்கே முக்கால் மணி நேரம் நின்றார். வீட்டில் பத்து நிமிடம் நிற்க முடியாதவர்.

யூதர் கோயில் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை மூடியிருக்கும், அதனால் அரண்மனையில் மயங்கி நேரத்தை விட்டுவிடாதீர்கள். 1568-இல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் காலடியில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். கையால் வரைந்தவை, ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. உங்கள் பெண்ணிடம் "ஒரே மாதிரி இரண்டு கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாக உட்காரலாம். தெரு முழுக்க யூதர்கள் இருந்த காலம் உண்டு. இஸ்ரேல் உண்டான பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள், இன்று விரல் விட்டு எண்ணும் அளவுகூட இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு, நீங்கள் சைவமானால் மட்டாஞ்சேரி குஜராத்தி ரோடு. தலைமுறைகளாக வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட குஜராத்திகளின் தெரு, சுத்த சைவச் சாப்பாடு கிடைக்கும். மற்ற ஹோட்டல்களில் சோறு கேட்டால் சிவப்புக் குத்தரிசிதான் வரும். பருமனாக இருக்கும், குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். "வெள்ளைச் சோறு" என்று கேளுங்கள். குடிக்கத் தரும் வெந்நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் பயப்படாதீர்கள், பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்தது.

திரும்பும் வழியில் வெளி என்கிற இடத்தில் டோபி கானா. பெரிய விஷயமில்லை, அரை மணி போதும், ஆனால் எந்தத் தமிழரும் தவறவிடக் கூடாது என்பது என் கட்சி. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத் துணி வெளுக்க நம் பக்கத்திலிருந்து கொண்டுவந்த குடும்பங்களின் வாரிசுகள் இன்னமும் அங்கே தோய்க்கிறார்கள், இன்னமும் தமிழ் பேசுகிறார்கள். கஞ்சி போட்ட வேட்டிகள் வரிசையாகக் காயும். கொடியில் கிளிப் கிடையாது, முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுவார்கள். முதல் தடவை போனபோது ஒரு பெரியவர் என்னிடம் "எந்த ஊரு தாயி?" என்று கேட்டார். மாயவரம் என்றேன். அவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவர் தமிழ்நாட்டுக்கு வந்ததே இல்லையாம்.

செவ்வாய்க்கிழமை பாட்டியின் நாள். ஒரு டாக்ஸி பிடித்து மூட்டைகளைச் சவுத் ஸ்டேஷன் கிளாக் ரூமில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே மெட்ரோ ஏறுங்கள். கடைசி ஸ்டேஷன் திருப்பூணித்துறை. அங்கிருந்து ஆட்டோவில் சோட்டாணிக்கரை பகவதி. காலையில் வெள்ளை உடுத்திய சரஸ்வதி, உச்சியில் சிவப்பு உடுத்திய பத்ரகாளி, மாலையில் நீலம் உடுத்திய துர்க்கை என்று ஒரே அம்மன் மூன்று கோலத்தில் இருப்பாள். நீங்கள் சீக்கிரம் கிளம்பினால் முதல் கோலம் கிடைக்கும். கேரளக் கோயில்களில் பலவற்றில் போலவே ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டி ஒன்று கைப்பையில் இருக்கட்டும், மூட்டையோடு கிளாக் ரூமுக்குப் போய்விடப் போகிறது. கீழ்க்காவு என்கிற கீழ்க்கோயிலில் இரவு நடக்கும் குருதி பூஜை பிரசித்தம், ஆனால் அதற்கு நின்றால் ரயிலைப் பிடிக்க முடியாது. மதியத்துக்கு மேல் ஹில் பேலஸ். நடை அதிகம், படியும் உண்டு. பாட்டிக்கு ஒரு மர நிழல் பெஞ்சு பார்த்து உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய் வாருங்கள்.

ஆலப்புழைப் படகு வீடு இல்லையே என்று பையன் முறைப்பான். ஞாயிறு காலை படகின் முன்னால் நின்று பார்த்ததை அவனுக்கு நினைவுபடுத்துங்கள்.

கேள்வி: கொச்சியில் கடலில் குளிக்க நல்ல இடம் எது? எனக்கு இரண்டு பையன்கள், 9 வயது, 12 வயது. தண்ணீரைக் கண்டால் நிற்க மாட்டார்கள்.
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் குளிக்க வேண்டாம். அது துறைமுக வாய். கப்பல் போகிற ஆழம் பக்கத்திலேயே இருக்கிறது, இழுப்பு உண்டு. காயலிலிருந்து ஆகாயத் தாமரை வேறு மிதந்து வந்து கரையில் ஒதுங்கிக் கிடக்கும். நடக்க, காற்று வாங்க, கடலை கொறிக்க, அதற்குத்தான் அது.

குளிக்கச் செறாயி போங்கள். வைப்பின் தீவின் வடகோடியில் இருக்கிறது, சரிவு மெதுவாக இறங்கும் மணல் கரை. ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஜங்காரில் ஏறி வைப்பின் போக வேண்டும். ஜங்கார் என்றால் கார், லாரி, ஆட்டோ, மனிதர் எல்லாம் ஒன்றாக ஏறும் தட்டைப் படகு. அஞ்சு நிமிடப் பயணம், பையன்களுக்கு அதுவே பாதி சந்தோஷம். அக்கரையில் செறாயிக்குப் பஸ் கிடைக்கும், இருபது கிலோமீட்டருக்கு மேல். பாதையின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல் என்று தீவு அங்கங்கே ஒடுங்கி ஒடுங்கிப் போகும். 2004-இல் பாலங்கள் வந்த பிறகு எர்ணாகுளத்திலிருந்து நேராக பஸ்ஸிலேயே போகலாம், ஆனால் ஜங்காரை விட்டுவிட்டுப் பாலத்தில் போக எனக்கு மனசு வராது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரபிக்கடல் நம் கடல் மாதிரி இல்லை. சிவப்புக் கொடி இருந்தால் முழங்கால் அளவுக்குக்கூட இறங்காதீர்கள். மற்ற மாதங்களிலும் காவலர் இருக்கும் பகுதியிலேயே குளியுங்கள். பையன்கள் இடுப்பளவில் நின்றால் நீங்கள் அவர்களுக்கும் கடலுக்கும் நடுவே நிற்க வேண்டும், கரையில் நின்று போட்டோ எடுப்பது காவல் ஆகாது. மாற்றுத் துணியோடு ஒரு பழைய பெட்ஷீட்டும் எடுத்துப் போங்கள். ஈர உடம்போடு பஸ் சீட்டில் உட்கார்ந்தால் கண்டக்டர் பார்க்கிற பார்வையை நான் அனுபவித்திருக்கிறேன்.

கேள்வி: மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. சமாளிக்கலாமா?
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தமிழே போதும், மெதுவாகப் பேசினால். சில வார்த்தைகளில் மட்டும் கவனம். வெள்ளம் என்றால் தண்ணீர், பயந்து ஓடாதீர்கள். சாப்பாட்டுக் கடையில் சம்பாரம் வேண்டுமா என்பார்கள், சாம்பார் என்று நினைத்துச் சோற்றை நீட்டினால் டம்ளரில் மோர் வரும். சோறு போதும் என்பதற்கு "மதி". பட்டி என்றால் நாய். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தெருவில் பாட்டியைக் கூப்பிடும்போது நெடிலை நன்றாக நீட்டட்டும்.

கேள்வி: எங்களுக்கு மே மாதம்தான் லீவு கிடைக்கும். அப்போது கொச்சி எப்படி இருக்கும்? ஜூன் முதல் வாரம் போனால் மழை பார்க்கலாமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: மே மாதக் கொச்சி வெயிலால் கொல்லாது, வியர்வையால் கொல்லும். உங்கள் ஊரில் 40 டிகிரியில்கூட நிழலில் நின்றால் காயும். அங்கே நிழலிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மேயில்தான் முடியும் என்றால் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை அறைக்குள் இருப்பதாகத் திட்டம் போடுங்கள், அதற்கேற்ப ஏசி அறை எடுங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல மாதங்கள்.

ஜூன் முதல் வாரம் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் காலெடுத்து வைக்கும் நேரம். மழைக்கென்றே போகிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கூட்டம்தான். குவார்ட்டர்ஸ் ஜன்னலில் உட்கார்ந்து மூன்று நாள் விடாமல் பெய்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்க்க ஜன்னல் வேண்டும். ஊர் சுற்றப் போகிறவருக்குத் தெருவில் கணுக்கால் தண்ணீர், படகு தாமதம், காயாத துணி. சின்னக் குழந்தை இருந்தால் வேண்டாம். நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் தைரியமாகப் போங்கள், வராந்தா உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள், ஆளுக்கொரு குடை போதாது, மூன்று எடுத்துப் போங்கள். ஒன்று எப்படியும் படகில் மறந்துபோகும்.

கேள்வி: கொச்சியிலிருந்து என்ன வாங்கி வரலாம்?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: மிளகு, ஏலக்காய், ஜாதிபத்திரி. யூதர் கோயில் இருக்கும் ஜூ டவுன் தெருவில் அழகான சின்னச் சின்னப் பையில் கட்டி விற்பதை விடுங்கள், அது பைக்கு விலை. நாலு தெரு தள்ளி, மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் மொத்தக் கடைக்காரரிடம் கால் கிலோ கேட்டால் கொடுப்பார். ஏலக்காய் கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் ஈர விரலில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வைத்துவிடுங்கள். மீன் குழம்பு வைக்கிற வீடென்றால் குடம்புளி கட்டாயம். கருகருவென்று காய்ந்த தோல் மாதிரி இருக்கும், ஊற வைத்துப் போட வேண்டும். நம் புளியையும் அதையும் ஒரே குழம்பில் போட்டு நான் கெடுத்த சட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நேந்திரங்காய் சிப்ஸ் மட்டும் கிளம்பும் அன்று, கண்ணெதிரே தேங்காய் எண்ணெயில் போட்டு எடுக்கிற கடையில் வாங்குங்கள். சூட்டோடு பையைக் கட்டிவிடாதீர்கள், ஈரம் கோத்து நமுத்துப் போகும். வாயைத் திறந்தே மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறுங்கள். ஊருக்கென்று ஒரு கிலோ வாங்கினால் ரயிலுக்கென்று தனியாக அரைக் கிலோ.